சின்ன ஊரில் வீட்டிலிருந்தே கணினி வேலை: கரண்டும் நெட்டும் போய்ப் போய் வந்தாலும் வேலை கெடாமல் இருக்க என்ன செய்யலாம்?

கேள்வியில் இருக்கும் நிலைமை இது: தாலுகா அளவுள்ள ஊர், ஃபைபர் நெட், வீட்டில் இன்வெர்ட்டர் உண்டு. விபிஎன் (அலுவலக நெட்வொர்க்குக்குப் போகும் பாதுகாப்பான இணைப்பு) போட்டு, ரிமோட் டெஸ்க்டாப்பில் அலுவலகக் கணினிக்குள் நுழைந்து வேலை. குழுவில் பாதிப் பேர் நியூயார்க்கில். ஒரு நாளைக்கு நாலைந்து தடவை துண்டிக்கிறது. "ஆளைப் பிடிக்கவே முடியவில்லை" என்று மேலாளர் குறைப்படுகிறார்.

முதலில் ஒரு கணக்கு போடுங்கள். கரண்ட் இரண்டு நொடி போய் வருகிறது. ஃபைபர் மோடம் அணைந்து எழுந்து லைன் பிடிக்க இரண்டு மூன்று நிமிடம். அதன் பிறகு விபிஎன், ஓடிபி, ரிமோட் டெஸ்க்டாப் என்று இன்னொரு மூன்று நிமிடம். பாதியில் விட்ட வேலையை மறுபடி மண்டைக்குள் ஏற்ற ஒரு பத்து நிமிடம். இரண்டு நொடிக்குக் கால் மணி நேரம் போய்விட்டது. இதற்கு 300 எம்பிபிஎஸ் பிளான் மருந்தில்லை. இந்த வேலைக்கு 40 எம்பிபிஎஸ்ஸே தாராளம். லைன் அறுந்தால் அறுந்துவிட்டுப் போகட்டும், அதனால் ஆகும் சேதாரம் சின்னதாக இருக்க வேண்டும். அப்படி ஏற்பாடு செய்துகொள்வதுதான் காரியம்.

இன்வெர்ட்டரிலிருந்து ஆரம்பிக்கலாம். பல வீட்டு இன்வெர்ட்டர்களின் பின்பக்கத்தில் ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும்: ஒரு பக்கம் 'யுபிஎஸ்', மறுபக்கம் 'நார்மல்' அல்லது 'எக்கோ'. யுபிஎஸ் பக்கம் வைத்தால் மெயினிலிருந்து பேட்டரிக்கு மாற 10–20 மில்லி விநாடிதான். நார்மலில் அதைவிடக் கூடுதலாக எடுக்கும். ஃபேனும் லைட்டும் அதைக் கண்டுகொள்ளாது, மோடம் அணைந்துவிடும். எனவே யுபிஎஸ் பக்கம் தள்ளிப் பாருங்கள். ஆனால் இதில் ஒரு சிக்கல் உண்டு. யுபிஎஸ் மோடில் மின்னழுத்தம் ஏறக்குறைய 180 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினாலே இன்வெர்ட்டர் பேட்டரிக்குத் தாவிவிடும். சாயங்காலம் லோ வோல்ட்டேஜ் அடிக்கிற தெருவில் இப்படி வைத்தால் பேட்டரி தினமும் வடிந்து, சீக்கிரம் ஆயுள் முடியும். அப்படிப்பட்ட தெருவில் இன்வெர்ட்டரை நார்மலிலேயே விட்டுவிட்டு, மோடத்துக்கு மட்டும் தனியாக ஒரு மினி யுபிஎஸ் வாங்குவது மேல். லோ வோல்ட்டேஜ் இல்லாத வீட்டிலும் அதையே வாங்கச் சொல்வேன். இந்தப் பட்டியலில் காசுக்கு அதிகம் உழைக்கும் பொருள் அதுதான்.

வாங்கும்போது மோடத்தின் அடாப்டரைப் புரட்டிப் படியுங்கள். பெரும்பாலும் 12 வோல்ட், 1 அல்லது 1.5 ஆம்பியர். சில பழைய ரவுட்டர்கள் 9 வோல்ட். அதில் 12 வோல்ட்டைச் செருகினால் கருகிப்போகலாம். முனையின் அளவையும் பாருங்கள். வெளிவிட்டம் 5.5 மி.மீ., நடுத் துளை 2.1 அல்லது 2.5 மி.மீ. என இரண்டு வகை உண்டு. 2.1 ஊசியுள்ள மோடத்தில் 2.5 துளை முனை நுழைந்துவிடும், ஆனால் லூசாக நிற்கும். மேசை ஆடினாலே நெட் போகும். பழியோ கம்பெனி மேல் விழும். எவ்வளவு நேரம் தாங்கும்? மூன்று லித்தியம் செல், ஒவ்வொன்றும் 3.7 வோல்ட், 2000 எம்ஏஹெச் என்றால் மொத்தம் சுமார் 22 வாட்-அவர். வழியில் வீணாவது போக, ஒரே பெட்டி 6 வாட் இழுத்தால் மூன்று மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. மோடம் தனி, ரவுட்டர் தனி என்று இரண்டும் சேர்ந்து 12 வாட் இழுத்தால் ஒன்றரை மணி நேரம் வந்தாலே பெரிது. மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை காலை 9 மணிக்குத் தொடங்கி மதியம் தாண்டியும் நீளும். அந்த ஒரு நாளை மினி யுபிஎஸ்ஸை நம்பி ஓட்ட முடியாது. மின்தடை அறிவிப்பு முன்கூட்டியே வந்துவிடும். உங்கள் துணை மின்நிலையத்தின் பெயரைத் தெரிந்துவைத்துக்கொண்டு, அந்தத் தேதியைக் குழுவின் காலண்டரில் போட்டுவிடுங்கள்.

மினி யுபிஎஸ் போட்ட பிறகும், கரண்ட் போனதும் நெட் போகிறதா? மோடத்தில் விளக்கெல்லாம் எரிகிறது, நெட் மட்டும் இல்லையா? அப்படியானால் உங்கள் வீட்டுக்குள் வருவது உண்மையில் ஃபைபரா என்று பாருங்கள். சில இடங்களில் ஃபைபர் தெருமுனை வரையோ அபார்ட்மென்ட் மாடிப்படி வரையோதான் வரும். அங்கே ஒரு ஸ்விட்ச் பெட்டி வைத்து, வீடு வரை லேன் கேபிள் இழுத்திருப்பார்கள். தெருவில் கரண்ட் போனால் அந்தப் பெட்டியும் படுத்துவிடும். நீங்கள் வீட்டில் எத்தனை யுபிஎஸ் வைத்தாலும் பிரயோஜனமில்லை. ஃபைபர் நேராக வீட்டுக்குள் வந்தால் வழியில் ஒளியைப் பல வீடுகளுக்குப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டருக்குக் கரண்டே தேவையில்லை. அப்படி மாற்றித் தரச் சொல்லி லைன் கொடுத்தவரைக் கேளுங்கள்.

நெட் போனால் கஸ்டமர் கேருக்கு அடிக்கும் முன் மோடத்தின் விளக்குகளைப் பாருங்கள். 'லாஸ்' (LOS) சிவப்பாக எரிந்தாலோ மின்னினாலோ ஒளி வரவில்லை: வெளியே கேபிள் அறுந்திருக்கலாம், அல்லது பீரோவுக்குப் பின்னால் ஃபைபர் வயர் மடங்கி நசுங்கியிருக்கலாம். 'பான்' (PON) பச்சையாக நிலையாக எரிந்து, நெட் மட்டும் இல்லை என்றால் கோளாறு பெரும்பாலும் கம்பெனியின் சர்வர் பக்கம் அல்லது உங்கள் கணக்கில். வயரைப் பிடித்து இழுத்துப் பார்த்துப் பயனில்லை. இதைப் போனில் சொன்னால் "ரீஸ்டார்ட் பண்ணிப் பாருங்க சார்" என்ற படலம் பாதியாகக் குறையும்.

நெட் இருக்கிறது, ஆனால் திக்குகிறது என்றால் வேறு சோதனை. மூன்று இடத்துக்கு பிங் (போய்த் திரும்ப எவ்வளவு நேரம் ஆகிறது என்று காட்டும் சின்னச் சோதனை) அனுப்புங்கள். முதலில் உங்கள் ரவுட்டர் (பெரும்பாலும் 192.168.1.1), அடுத்து 1.1.1.1 அல்லது 8.8.8.8, கடைசியாக விபிஎன் சர்வர். ரவுட்டருக்கே 5 மில்லி விநாடிக்குப் பதில் 80, 200 என்று எகிறினால் வில்லன் உங்கள் வைஃபை. 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை இரண்டு செங்கல் சுவரைத் தாண்டத் திணறும், 2.4 தாண்டும், ஆனால் பக்கத்து வீட்டு வைஃபை எல்லாம் அதே சேனல்களில் முட்டிக்கொண்டிருக்கும். ரவுட்டர் அமைப்பில் 1, 6, 11 என்ற சேனல்களில் கூட்டம் குறைந்த ஒன்றை வையுங்கள். அதைவிட நல்லது கேட்-6 லேன் கேபிள் ஒன்றை இழுத்துச் சொருகிவிடுவது. இரண்டாவது பிங்தான் மோசம் என்றால் லைன் கொடுத்தவர் பொறுப்பு. மூன்றாவது மட்டும் 200-ஐத் தாண்டினால், சர்வர் அமெரிக்காவில் இருக்கும்போது அது இயல்பு. தூரத்துக்கு மருந்து கிடையாது. சில அலுவலக சர்வர்கள் பிங்குக்குப் பதிலே சொல்லாது, அதைக் கண்டு பயப்பட வேண்டாம்.

பகலில் நன்றாக ஓடி, வீட்டில் எல்லோரும் வந்ததும் வீடியோ கால் திக்குகிறதா? டவுன்லோடை விட்டுவிட்டு அப்லோடைப் பாருங்கள். யாராவது ஒருவருடைய போன் கல்யாண வீட்டு வீடியோக்களை எல்லாம் கிளவுடுக்கு ஏற்றிக்கொண்டிருக்கும். அப்லோட் நிரம்பினால் ரவுட்டரில் வரிசை நீண்டு, உங்கள் குரல் பாக்கெட்டும் அதே வரிசையில் நிற்கும். பேக்கப்பை ராத்திரிக்கு மாற்றச் சொல்லுங்கள். ரவுட்டரில் க்யூஓஎஸ் (எதற்கு எவ்வளவு வேகம் என்று பங்கிடும் வசதி) இருந்தால் மொத்த அப்லோடை உண்மையான வேகத்தில் 85–90 சதவீதத்துக்குக் கட்டுப்படுத்துங்கள்.

விபிஎன்னில் ஒரு விசித்திரமான நோய் உண்டு, பலரை நாள்கணக்கில் அலைக்கழிக்கும். விபிஎன் இணைகிறது, பிங் போகிறது, சின்னப் பக்கங்கள் திறக்கின்றன. ஆனால் பெரிய ஃபைல் நகராது, ரிமோட் டெஸ்க்டாப் கறுப்புத் திரையோடு நின்றுவிடும். இது எம்டியூ (ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச அளவு) கோளாறாக இருக்க வாய்ப்பு அதிகம். சாதாரண ஈதர்நெட் பாக்கெட் 1500 பைட். பிபிபிஓஇ லைனில் (யூசர்நேம், பாஸ்வேர்டு கொடுத்து இணையும் வகை) 8 பைட் போய் 1492. விபிஎன் தன் பங்குக்கு மேலும் சில பத்து பைட்டைச் சுற்றிக் கட்டும். கொள்ளாத பாக்கெட் சத்தமில்லாமல் வழியில் தொலையும். சோதிக்க, விபிஎன் இல்லாமல், 'துண்டாக்காதே' என்ற குறியோடு 1472 பைட் பிங் அனுப்புங்கள். போகவில்லை, 1464 போகிறது என்றால் லைன் 1492-தான் (பிங் அளவோடு பாக்கெட்டின் தலைப்புக்கு 28 பைட் சேரும்). விபிஎன் அடாப்டரின் எம்டியூவை 1350 அல்லது 1300-க்கு இறக்கினால் பெரும்பாலும் சரியாகும். அலுவலக லேப்டாப்பில் உங்களுக்கு அந்த உரிமை இருக்காது. இந்த எண்களோடு ஐடி பிரிவுக்கு டிக்கெட் போடுங்கள். "விபிஎன் ஸ்லோ" என்று போட்ட டிக்கெட் எங்கே போகும் என்று உங்களுக்கே தெரியும்.

இணைப்பு அறுந்தாலும் வேலை சாகாமல் இருக்க வேண்டும் என்றால் வேலை அந்தப் பக்கத்தில் உயிரோடு இருக்க வேண்டும். ரிமோட் டெஸ்க்டாப்பில் ஜன்னலை மூடினால் 'டிஸ்கனெக்ட்' மட்டுமே. திறந்த ஃபைல்கள் அப்படியே இருக்கும். 'சைன் அவுட்' கொடுத்தால் எல்லாம் மூடும். அதேபோல், டிஸ்கனெக்ட் ஆன செஷனை எத்தனை மணி நேரம் வைத்திருப்பார்கள் என்று ஐடியிடம் கேட்டு வையுங்கள். சில இடங்களில் இரண்டு மணி நேரத்தில் வெட்டிவிடுவார்கள். லினக்ஸ் சர்வரில் எஸ்எஸ்ஹெச் (தூரத்துக் கணினியில் கட்டளை தட்டும் இணைப்பு) வழியாக வேலை செய்பவர்கள், நீண்ட நேரம் ஓடும் எதையும் டிமக்ஸுக்குள் (இணைப்பு அறுந்தாலும் சர்வரிலேயே வேலையை ஓடவிடும் மென்பொருள்) தொடங்க வேண்டும். டேட்டாபேஸ் மைக்ரேஷனை (தரவுத்தள அமைப்பை மாற்றும் வேலை) வெறும் எஸ்எஸ்ஹெச்சில் ஓட்டிப் பாதியில் நெட் போனால், பாதி டேபிள் பழசு பாதி புதுசு என்று விடியவிடிய உட்கார வேண்டியதுதான். டிமக்ஸில் கன்ட்ரோல்-பி, பிறகு டி அழுத்தினால் வெளியே வரலாம், மறுநாள் உள்ளே போகலாம். சும்மா இருக்கும்போது மட்டும் எஸ்எஸ்ஹெச் அறுகிறதென்றால், 60 நொடிக்கு ஒருமுறை 'இருக்கிறேன்' என்ற உயிர்த்துடிப்பு அனுப்பும்படி உங்கள் கணினியின் எஸ்எஸ்ஹெச் அமைப்பில் வையுங்கள்.

மாற்று லைன் போன் ஹாட்ஸ்பாட்தான். ஃபைபர் எந்தக் கம்பெனியோ அதைத் தவிர்த்து வேறு சிம். ஒரே கம்பெனி என்றால் ஊருக்கு வரும் கேபிள் அறுந்த அன்று இரண்டும் சேர்ந்து போகலாம். வைஃபை ஹாட்ஸ்பாட்டைவிட யுஎஸ்பி வயரில் இணைப்பது நல்லது, போனும் சார்ஜ் ஆகும். விண்டோஸில் அந்த இணைப்பை 'மீட்டர்டு' (அளவான டேட்டா) என்று குறித்துவிடுங்கள், இல்லையென்றால் அப்டேட்டே பாதி டேட்டாவைக் குடித்துவிடும். இரு பக்கமும் 1.2 எம்பிபிஎஸ் வீடியோ என்றால் மணிக்கு ஏறக்குறைய 1 ஜிபி, தினசரி 1.5 ஜிபி பிளான் ஒன்றரை மணி நேரம்கூடத் தாங்காது. வெறும் குரல் என்றால் மணிக்கு 100 எம்பி-க்குள் முடியும். ஹாட்ஸ்பாட்டுக்கு மாறியதும் முதலில் கேமராவை அணையுங்கள்.

குரலைப் பற்றி ஒன்றே ஒன்று: விலையுயர்ந்த ப்ளூடூத் இயர்போனில் பாட்டு இனிமையாகக் கேட்கும், மைக்கைத் திறந்ததும் இரு பக்கமும் பழைய லேண்ட்லைன் மாதிரி ஆகிவிடும். பழுதெல்லாம் இல்லை, மைக் இயங்கும்போது ப்ளூடூத் தரம் குறைந்த வேறொரு முறைக்கு மாறிக்கொள்கிறது. சாதாரண வயர் ஹெட்செட் போதும். மைக் வாயருகே இருந்தால் ஃபேன் சத்தமும் குக்கர் விசிலும் தாமாக அடங்கும்.

இனி அந்த மேலாளர் விஷயம். நியூயார்க்கோடு நேர வித்தியாசம் கோடையில் ஒன்பதரை மணி நேரம், குளிர்காலத்தில் பத்தரை. தெளிவில்லாத ஒரு கேள்விக்கு நீங்கள் தரும் விலை ஒரு முழு நாள். இப்படி அனுப்புவார்கள்: "ஹாய் மைக்கேல், யூசர் டேபிளில் ஒரு டவுட். ஃப்ரீயா?" அவர் காலையில் பார்த்து "சொல்லுங்க" என்பார், அப்போது உங்களுக்குச் சாயங்காலம். இப்படி அனுப்பிப் பாருங்கள்: "யூசர் டேபிளில் 'ஸ்டேட்டஸ்' காலியாக 412 வரி இருக்கிறது. இவற்றை 'செயலற்றது' என்று எடுத்துக்கொள்ளலாமா, அல்லது நீக்கலாமா? நாளை என் காலை 10 மணிக்குள் பதில் இல்லையென்றால் முதலாவதைச் செய்கிறேன். தப்பென்றால் திருப்ப ஐந்து நிமிடம் ஆகும்." பதில் வந்தாலும் வராவிட்டாலும் உங்கள் வேலை நகரும். கடைசி வாக்கியம் முக்கியம். திருப்ப முடியாத வேலைக்கு இந்தப் பாணி கூடாது, காத்திருக்கத்தான் வேண்டும்.

நாள் முடியும்போது மூன்று வரி எழுதிப் போடுங்கள்: எது முடிந்தது, எது எங்கே நிற்கிறது, யாரிடமிருந்து என்ன வேண்டும். நெட் போனால் போனிலிருந்தே ஒரு வரி: "கரண்ட் இல்லை, 4 மணிக்கு வரும், அதுவரை டாக்குமென்ட் வேலை." சாட்டில் ஆள் இருப்பதைக் காட்டும் பச்சைப் புள்ளி எரிய வேண்டுமே என்று மவுஸை ஆட்டிக்கொண்டிருப்பதைவிட இந்த ஒரு வரிக்கு மதிப்பு அதிகம். ஆளைக் காணோம் என்பதைவிட, எப்போது வருவார் என்று தெரியவில்லை என்பதுதான் பெரும்பாலும் மேலாளரின் எரிச்சல்.

காலண்டரில் ஒரு பொறி உண்டு. நியூயார்க்கில் காலை 9 மணிக் கூட்டம் உங்களுக்குக் கோடையில் மாலை 6.30, குளிர்காலத்தில் 7.30. அமெரிக்காவில் கடிகாரம் மார்ச் இரண்டாவது ஞாயிறு முன்னே போய், நவம்பர் முதல் ஞாயிறு பின்னே வரும். ஐரோப்பாவில் மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும். குழுவில் லண்டன்காரரும் இருந்தால் மார்ச்சில் இரண்டு மூன்று வாரம், இலையுதிர் காலத்தில் ஒரு வாரம் மூவருக்கும் கணக்கு உதைக்கும். 2026-இல் அந்த மார்ச் இடைவெளி 8 முதல் 29 வரை. கூட்டத்தை யார் நேரப்படி உருவாக்கினார்களோ அவருக்கு நேரம் மாறாது, மற்றவர்களுக்கு நகரும். நீங்கள் இந்திய நேரத்தில் உருவாக்கினால் மார்ச்சில் நியூயார்க்காரருக்கு ஒரு மணி நேரம் தள்ளிப்போகும். அவருடைய அடுத்த கூட்டத்தோடு போய் முட்டும். ஆள் அதிகம் இருக்கும் ஊரின் நேர மண்டலத்தில் அழைப்பை உருவாக்கச் சொல்லுங்கள். உங்கள் பக்கம் மாலை 6.30 முதல் 8.30 வரை எப்போதும் காலியாகப் பூட்டி வைத்துவிட்டால் இரண்டு பருவமும் அதற்குள் அடங்கிவிடும்.