சான்றிதழ் யார் பீரோவில்?

கேள்வி: நான் மேடை நடனக்காரியாக இருந்தவள். ஒரு கட்சிப் பிரமுகரைச் சிறப்புத் திருமணச் சட்டப்படி மணந்து இரண்டு வருடம் ஆகிறது. தேர்தல் முடியும்வரை யாருக்கும், அவர் அம்மாவுக்குக்கூட, தெரிய வேண்டாம் என்கிறார். ஞாயிறு தவறாமல் வந்துபோகிறார். இங்கிலாந்து அரசியல்வாதி சார்லஸ் ஜேம்ஸ் ஃபாக்ஸும் கணிகையாக இருந்த எலிசபெத் ஆர்மிஸ்டெட்டும் ஏழு வருடம் கல்யாணத்தை மறைத்து நன்றாகத்தானே வாழ்ந்தார்கள்? சான்றிதழ்கூட அவர் ஆபீஸ் பீரோவில் பத்திரமாக இருக்கிறது. நான் பொறுத்திருப்பதுதானே சரி?

பதில்: சான்றிதழ் ஏன் அவர் பீரோவில் இருக்கிறது? போகிறபோக்கில் எழுதிவிட்டீர்கள். எனக்கு உங்கள் கடிதத்தில் அது ஒன்றுதான் உறுத்துகிறது.

எலிசபெத் கதையைப் பாதிதான் படித்திருக்கிறீர்கள். 1795 செப்டம்பர் 28-இல் ஹண்டிங்டன்ஷயரில் வைட்டன் என்ற சின்ன ஊர்த் தேவாலயத்தில் கல்யாணம். 1802-இல் பிரான்ஸ் பயணத்துக்கு முன்புதான் வெளியே சொன்னார்கள். வாஸ்தவம். ஆனால் அவர்கள் மறைத்தது கல்யாணத்தை, மனைவியை அல்ல. பல வருடமாகவே செர்ட்சி பக்கம் செயின்ட் ஆன்ஸ் ஹில் வீட்டில் இருவரும் சேர்ந்து குடியிருந்தது ஊரறிந்த சங்கதி. ஞாயிற்றுக்கிழமைக் குடித்தனம் இல்லை.

பதிவேடும் ஃபாக்ஸின் பீரோவில் இல்லை. 1753-ஆம் வருடத் திருமணச் சட்டப்படி பெண், மாப்பிள்ளை, பாதிரியார், இரண்டு சாட்சிகள் என எல்லோரும் கையெழுத்துப் போட்ட ஏடு தேவாலயத்தின் பொறுப்பில் இருக்கும். அதைத் திருத்தினாலோ அழித்தாலோ மரண தண்டனை! எலிசபெத்துக்கு ஏட்டின் அந்தப் பக்கம் ரொம்ப முக்கியம். அன்றைய இங்கிலாந்துச் சட்டத்தில் தாலி கட்டாத குறையாகக் கையெழுத்துப் போட்ட நிமிடமே மனைவியின் ரொக்கம், நகை, தட்டுமுட்டுச் சாமான் எல்லாம் கணவனுக்குப் போய்விடும். ஃபாக்ஸோ சூதாட்டத்தில் சொத்தை அழித்தவர். 1793-இல் நண்பர்கள் வசூல் செய்து அவர் கடனை அடைக்க வேண்டியிருந்தது. எலிசபெத் கொடுக்க வேண்டியது முதல் நாளே போயிற்று. வர வேண்டிய பெயர் மட்டும் ஏழு வருடம் பாக்கி.

நீங்கள் உண்மையில் படிக்க வேண்டியது மரியா ஃபிட்ஸ்ஹெர்பர்ட்டை. 1785 டிசம்பர் 15-இல் வேல்ஸ் இளவரசர், அதாவது இங்கிலாந்தின் பட்டத்து இளவரசர், ரகசியமாக அவரை மணந்தார். ராஜாவின் சம்மதம் இல்லாததால் சட்டப்படி அது செல்லாது. 1787 ஏப்ரலில் நாடாளுமன்றத்தில் எழுந்து, அப்படியொரு கல்யாணமே நடக்கவில்லை என்று அடித்துச் சொன்னவர் யார் தெரியுமா? இதே ஃபாக்ஸ். இளவரசர் எழுதிக்கொடுத்ததை நம்பிச் சொன்னார், பாவம். 1795 ஏப்ரலில் இளவரசர் ஊரறிய வேறொருத்தியை மணந்தார். மரியா மட்டும் சான்றிதழைக் கைவிடவில்லை. அந்த மனிதர் ராஜாவாகிச் செத்த பிறகு, அடுத்து வந்த நான்காம் வில்லியமிடம் அதைக் காட்டினார். வில்லியம் டச்சஸ் பட்டமே தர முன்வந்தார். 1833-இல் அந்தக் காகிதம் கூட்ஸ் வங்கியில் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தது. மரியாவும் சம்மதித்த ஏற்பாட்டில்.

செல்லாத கல்யாணத்துக்கே அந்தக் காகிதம் அவ்வளவு உதவியது. உங்களுடையது செல்லுபடியாகும் கல்யாணம், கையில் ஒரு துண்டுச் சீட்டு இல்லை!

திங்கட்கிழமை காலை, திருமணம் பதிவான அதே அலுவலகத்துக்குப் போங்கள். சிறப்புத் திருமணச் சட்டத்தின் 47-ஆவது பிரிவின்படி சான்றிதழ்ப் புத்தகத்தைப் பார்வையிடலாம். விண்ணப்பம் கொடுத்துக் கட்டணம் கட்டினால் சான்றிட்ட நகல் தருவார்கள். திருமணத் தேதி கையில் இருந்தால் தேடுவது சுலபம். மூன்று சாட்சிகளின் பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள். மூவரும் அவர் கட்சிக்காரர்கள் என்றால் நகலின் அவசியம் இரட்டிப்பு.

தேர்தல் முடியட்டும் என்கிறாராமே. உள்ளாட்சி முடிந்தால் சட்டமன்றம், அது முடிந்தால் நாடாளுமன்றம். பெற்ற தாயிடம் சொல்லத் துணிவில்லாதவர் எந்தத் தேர்தல் முடிந்து சொல்லப்போகிறார்? மாமியாருக்குத் தெரியாத மருமகள் என்று ஒருத்தி எந்தக் குடும்பத்திலும் கிடையாது, அம்மா. நீங்களும் லேசுப்பட்டவர் இல்லை: 'யாருக்கும்' என்று எழுதியதில் உங்களைப் பெற்றவர்களும் அடக்கம்தானே?

நகல் வந்ததும் ஒரு பிரதியை உங்கள் அம்மாவிடம் கொடுத்து விஷயத்தைச் சொல்லுங்கள். திட்டுவார், வாங்கிக்கொள்ளுங்கள். அதன் பிறகு இருவரும் சேர்ந்து மாமியார் வீட்டுக்குப் போக நாள் குறியுங்கள். பஞ்சாங்கத்தைப் பார்த்து, தேர்தல் அட்டவணையைப் பார்த்து அல்ல.