பழைய கனடா சைக்கிளை இனங்காண்பதும் சீரமைப்பதும்

கனடாவில் வாங்கிய பழைய சைக்கிளின் தயாரிப்பாளரை அறியவும் அதைச் சீரமைக்கவும் வழி கேட்டிருந்தீர்கள். முன்புறச் சின்னத்தில் மாசி, கிளீவ்லாண்ட், பெர்ஃபெக்ட், ரெட் பேர்ட் என எப்பெயர் இருந்தாலும், 1899-இல் பல தயாரிப்பாளர்கள் இணைந்து உருவான சி.சி.எம். (கனடா சைக்கிள் அண்ட் மோட்டார்) நிறுவனமே அதைச் செய்திருக்க வாய்ப்பு மிகுதி. இணைந்தவர்களின் பெயர்களையும் அந்நிறுவனம் தொடர்ந்து பயன்படுத்தியது. எனவே சின்னத்தோடு நின்றுவிடாமல், சட்டகத்தில் பொறித்த தொடர் எண்ணையும் கிராங்க் (பெடலைத் தாங்கும் தண்டு), ஹப் (சக்கரத்தின் மையப் பகுதி) ஆகியவற்றில் உள்ள முத்திரைகளையும் ஒப்பிட்டுப் பாருங்கள்; இவை ஒன்றுக்கொன்று பொருந்தாவிட்டால் பாகங்கள் பின்னர் மாற்றப்பட்டிருக்கலாம்.

டயர் வாங்கும்போதுதான் பலர் ஏமாறுகிறார்கள். பழைய கனடா டயரில் 28 × 1½ என்பதுடன் எஃப்.13 அல்லது எஃப்.25 என்ற குறியும் இருந்தால், அது பொருந்தும் ரிம்மின் (சக்கரத்தின் உலோக வளையம்) விட்டம் 622 மி.மீ.; அதே 28 × 1½ அளவு பொறித்த, இந்தியச் சாலைச் சைக்கிள்களுக்கான டயரோ 635 மி.மீ. ரிம்முக்கு உரியது என்பதால் அது தளர்ந்து கழன்றுவிடும்.

மூல வண்ணமும் தங்கக் கோடுகளும் ஓரளவேனும் எஞ்சியிருந்தால், தயவுசெய்து மறுவண்ணம் பூசாதீர்கள். மென்மையான சோப்பு நீரால் துடைத்து, மெழுகு பூசினாலே போதும். பேரிங்குகளைக் கழற்றிப் பழைய கிரீஸை நீக்கி, புதிய பேரிங் குண்டுகள் இடுவதற்கே உழைப்பைச் செலவிடுங்கள்.