ரங்கூன் கேள்வி பதில்: வீட்டில் யாரும் பெயர் சொல்லாத ஆள்

போன மாதம் எங்கள் வாசிப்புக் கூட்டத்தில், பர்மாவோடு தொடர்புள்ள கதைகளில் வரும் ஆட்கள் குடும்பத்தோடும் பழசோடும் படும் பாட்டைப் பற்றிப் பேசினேன். மழை பிடித்துக்கொண்டதால் பாதியில் கலைந்தோம். கேட்க முடியாமல் போனவர்கள் எழுதி அனுப்புங்கள் என்றேன். வந்தவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில். சயா, சார், அண்ணே என்று ஆளுக்கொரு விதமாகக் கூப்பிட்டிருக்கிறீர்கள், அப்படியே விட்டுவிட்டேன். (வெளியூர்க்காரர்களுக்கு: பர்மியரைப் போல நாங்களும் வாத்தியாரை 'சயா' என்போம்.)

பெகு வாசகர்: சயா, பேத்தியோடு 'பராசக்தி' பார்த்தேன். தங்கை இட்லி விற்றுக் கஷ்டப்படுகிறாள். குணசேகரன் பக்கத்திலேயே பைத்தியம் மாதிரி நடித்துக்கொண்டு திரிகிறான். 'நான்தான் உன் அண்ணன்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, ஏன் சொல்லவில்லை என்று கேட்கிறாள். என்ன பதில் சொல்வது?

பேத்தி கெட்டிக்காரி. சொல்லிவிட்டால் படம் முடிந்துவிடும் என்பதும் ஒரு காரணம்தான், அதை அவளிடம் மறைக்க வேண்டாம்.

ஆனால் நம் ஆட்களுக்கு அது நம்ப முடியாத விஷயமாகப் படாது. கதை எங்கே தொடங்குகிறது என்று பாருங்கள். அண்ணன்கள் மூன்று பேரும் ரங்கூனில். மதுரையில் கல்யாணிக்குத் திருமணம். போர்க்காலம் என்பதால் கப்பலில் ஒருவருக்குத்தான் இடம். குணசேகரன் புறப்படுகிறான். மூன்று பேருடைய சீரையும் சுமந்துகொண்டு போகிறவன் அவன். சென்னையில் எல்லாவற்றையும் பறிகொடுக்கிறான். மதுரைக்கு வந்தால் தங்கை விதவையாகிக் கைக்குழந்தையோடு நிற்கிறாள், அப்பாவும் போய்விட்டார். 'ரங்கூன் அண்ணன்' என்றால் ஊரில் அதற்கு ஒரு கனம் உண்டு. பெட்டி, பட்டு, கைநிறையப் பணம். வெறுங்கையோடு நிற்பவனுக்கு அந்தப் பெயரைச் சொல்ல வாய் வராது.

என் பெரிய தாத்தா ஒருமுறை ஊருக்குக் கிளம்பி, நாகப்பட்டினத்தில் இறங்கி, கையில் இருந்ததைத் தொலைத்துவிட்டு, சொந்த ஊர் எல்லையை மிதிக்காமலே திரும்பக் கப்பல் ஏறி வந்துவிட்டாராம். அவர் அவ்வளவு தூரம் வந்துபோனது வீட்டுக்குத் தெரிய இரண்டு வருஷம் ஆனது. எங்கள் வீட்டில் இதைச் சிரித்துக்கொண்டேதான் சொல்வார்கள். எனக்குச் சிரிப்பு வந்ததில்லை.

இன்னொன்று. அந்த நீதிமன்றக் காட்சியில் எல்லாரும் வசனம் கேட்கிறோம். அடுத்த தடவை நீதிபதியைப் பாருங்கள். கூண்டில் நிற்கும் கல்யாணி தன் தங்கை என்பது அவருக்கு முதலில் தெரியவில்லை. மூத்த அண்ணன் அவர். கடல் பிரித்த குடும்பத்துக்கு இதைவிடக் கொடுமையான காட்சி வேண்டுமா?

மோல்மீன் வாசகி: சார், அமிதாவ் கோஷின் 'தி கிளாஸ் பேலஸ்' படித்தேன். டாலியைத் தேடி ரத்னகிரி வரை போகிற ராஜ்குமாரும், ரப்பர் தோட்டத்தில் அந்தத் தமிழ்ப் பெண்ணிடம் அப்படி நடந்துகொள்கிற ராஜ்குமாரும் ஒரே ஆள் என்று ஏற்க முடியவில்லை.

படிக்காதவர்களுக்காகக் கொஞ்சம். 1885-இல் ஆங்கிலேயர் மாண்டலேயைப் பிடிக்கும்போது கதை தொடங்குகிறது. ராஜ்குமார் அப்போது பதினோரு வயது அநாதை, ஒரு சாப்பாட்டுக் கடையில் எடுபிடி. அரண்மனைப் பணிப்பெண் டாலியை அன்றைக்குப் பார்க்கிறான். நாடு கடத்தப்பட்ட பர்மா மன்னர் திபாவோடு அவள் இந்தியாவில் ரத்னகிரிக்குப் போய்விடுகிறாள். வருஷங்கள் கழித்து, தேக்கு வியாபாரியாகி, அங்கேயே போய் அவளைக் கட்டிக்கொண்டு வருகிறான். படிக்கிற நமக்கு அவன் மேல் ஆசை வந்துவிடுகிறது.

அந்த ஆசையில் ஒரு இடத்தை வேகமாகத் தாண்டிவிடுகிறோம். தேக்கு வாங்க முதல் எங்கிருந்து வந்தது? தென்னிந்தியக் கரையில் ஆள் பிடித்துக் கப்பலேற்றி, இங்கே எண்ணெய் வயல்களுக்குக் கொடுத்த தரகுக் காசு அது. கங்காணிக் காசு என்று நாம் சொல்வோமே, அந்த ஜாதி. தலையை எண்ணி வாங்கிய கைதான் பிற்பாடு மலாயாத் தோட்டத்தில் அந்தப் பெண் மேல் விழுகிறது. டாலி வீட்டில் அவன் புருஷன், தோட்டத்தில் முதலாளி. இரண்டு ராஜ்குமார் கிடையாது அம்மா. அப்படி இரண்டாகப் பிரித்து வைத்துக்கொள்வது அவனுக்கும் வசதி, நமக்கும் வசதி.

அந்தப் பெண்ணுக்குப் பிறந்தவன் இளங்கோ. நீல், தீனு என்ற மற்ற இரண்டு பிள்ளைகளுக்குப் படிப்பு, காதல், வியாபாரம் என்று பக்கம் பக்கமாக இருக்கிறது. இளங்கோவின் தாய்க்குச் சில வரிகள்தான். இது கோஷின் குறையா என்று கூட்டத்தில் ஒருவர் சண்டைக்கு வந்தார். குறைதான். ஆனால் அந்தக் குடும்பம் அவளை எப்படி வைத்திருந்ததோ, நாவலும் அப்படியே வைத்திருக்கிறது. இதை நான் மன்னிப்பாகச் சொல்லவில்லை.

குடும்பக் கதை எதைப் படித்தாலும் எனக்கு ஒரு பழக்கம் உண்டு. யார் பெயரை எடுத்தால் அந்த வீட்டில் பேச்சு நின்றுபோகிறதோ, அந்த ஆளைத் தேடுவேன். இந்த நாவலில் இளங்கோ அந்த ஆள். பேத்தி ஜயா தேடிக்கொண்டு போய்த்தான் உறவைத் தெரிந்துகொள்கிறாள். அவள் ராஜ்குமாரின் மூத்த மகன் நீலின் மகள். 1942-இல் ஜப்பானியருக்குப் பயந்து நம் ஆட்கள் இந்தியாவுக்கு நடந்த அந்த நடையில், தாயை ஆற்றில் இழந்தவள்.

கடைசியில் ராஜ்குமார் எல்லாம் போய், கல்கத்தாவில் டாலியின் தோழி உமா வீட்டில் ஒட்டிக்கொண்டு கிடக்கிறான். அவனை ஆயுசு முழுக்கத் திட்டியவள் உமா. இரண்டு பேருடைய பல்செட்டும் ஒரே டம்ளரில் கிடப்பதைப் பிள்ளைகள் பார்க்கிற காட்சி வரும். சிரிப்பதா, எரிச்சல்படுவதா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

அதே வாசகி, மறுநாள்: சார், நேற்று கேட்டது சும்மா இல்லை. எங்கள் தாத்தாவுக்கு ஊரில் ஒரு குடும்பம், இங்கே என் பர்மியப் பாட்டி. நாங்கள் இங்கத்திய வழி. ஊர்ப் பக்கத்துக்கு நாங்கள் யார்?

அங்கே பேச்சை நிறுத்துகிற பெயர் உங்கள் பாட்டியுடையதாக இருக்கும். இங்கே, அந்த ஊர்ப் பாட்டி பெயர் என்ன? கேட்டுப் பார்த்தீர்களா?

அண்ணாதுரையின் 'ரங்கூன் ராதா' கிடைத்தால் படியுங்கள். அதில் கதை தலைகீழ். கோட்டையூர் தர்மலிங்க முதலியார் கட்டிய மனைவிக்குப் பேய் பிடித்தவள் என்று பட்டம் கட்டுகிறார். அவள் பிழைத்துக்கிடப்பது ரங்கூனில். ஊர் விழுங்கியவளை நம் ஊர் வைத்திருக்கிறது.

வியாசர்பாடியிலிருந்து, தாயகம் திரும்பிய குடும்பத்தவர்: அண்ணே, கதைகளில் எல்லாம் 1942 நடைதான். எங்கள் வீட்டுக் கதை 1964 கப்பல். அதை ஏன் யாரும் பெரிசாக எழுதவில்லை?

1942-இல் குண்டு, காடு, மலேரியா, சேறு எல்லாம் இருந்தன. ஏறத்தாழ 5 லட்சம் பேர் கிளம்பினார்கள், வழியில் ஆயிரக்கணக்கில் செத்தார்கள். எழுதுகிறவனுக்கு அதில் எல்லாம் தயாராக இருக்கிறது. 1964-இல் குண்டு விழவில்லை. கடைகளை பர்மிய அரசு எடுத்துக்கொண்டது. அந்த மே மாதம் 50, 100 சாட் நோட்டு செல்லாது என்றார்கள். அப்புறம் இந்தியாவுக்குக் கப்பல் ஏற வரிசை, படிவம், சுங்க மேஜை. காதில் கிடப்பதைக் கழற்று என்று சொல்கிறவன் நேற்றுவரை நம் தெருவில் டீ குடித்தவன். வில்லன் என்று ஒருவரைக் காட்ட முடியாத துக்கம் அது, அதனால் எழுத்தாளர்களுக்குக் கை வரவில்லை என்பது என் ஊகம்.

எழுதுவதானால் சுங்க மேஜையிலிருந்து தொடங்குங்கள். பாட்டி எதைக் கழற்றினார், எதை வாயில் போட்டு மறைத்தார், எதைப் பக்கத்து வீட்டுப் பர்மியப் பெண்ணிடம் கொடுத்துவிட்டு வந்தார். அத்தோ என்ற பர்மிய நூடுல்ஸ் விற்கும் கடையைப் பற்றி மட்டும் தயவுசெய்து இன்னொரு கட்டுரை வேண்டாம்.

யாங்கோன் கல்லூரி மாணவர்: சயா, ஆர்வெலின் 'பர்மீஸ் டேஸ்' நாவலில் வெள்ளைக்காரன் ஃப்ளோரியே வெள்ளை ஆட்சியைத் திட்டுகிறான், டாக்டர் வீராசாமி அதைத் தூக்கி வைத்துப் பேசுகிறார். வெட்கமாக இருக்கிறது.

எனக்கும் உங்கள் வயதில் இருந்தது. இப்போது வேறு மாதிரித் தெரிகிறது. ஃப்ளோரி திட்டலாம், சாயங்காலம் கிளப்புக்குப் போகலாம். வீராசாமிக்குப் பின்னால் அப்படி ஒரு கிளப் இல்லை. பர்மியருக்கு அவர் வெளியாள், வெள்ளையருக்கும் வெளியாள். அந்த உத்தியோகமும் மரியாதையும் போனால் ஊ போ சின் என்ற பர்மிய மாஜிஸ்திரேட் போன்ற ஆட்கள் ஒரே நாளில் கவிழ்த்துவிடுவார்கள். கடைசியில் அதுதானே நடக்கிறது? ஃப்ளோரி சுட்டுக்கொண்டு செத்த பிறகு அவரைப் பதவி இறக்கி மாண்டலே ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுகிறார்கள். அந்நியம் என்றால் ஃப்ளோரியின் கன்னத்து மச்சத்தைப் பற்றித்தான் எல்லாரும் எழுதுகிறார்கள். அவனுக்குத் துப்பாக்கி கிடைத்தது. இவர் மறுநாளும் நோயாளி பார்க்க வேண்டும்.

தட்டோன் வாசகர்: 'புயலிலே ஒரு தோணி' பாண்டியன் ஏன் ஊர் திரும்பவில்லை?

ப. சிங்காரம் அவனுக்கு மதுரைத் தெருக்களை அவ்வளவு துல்லியமாக ஞாபகம் வைக்கக் கொடுத்திருக்கிறார். போய்ப் பார்த்தால் அந்தத் தெரு இருக்காது. சுமத்ராவில் மேடான் பக்கத்துக் கதை என்றாலும் நம் ஆட்கள் படிக்க வேண்டியது. முதல் ஐம்பது பக்கம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பெயர் வேண்டாம் என்றவர்: பேரனுக்குத் தமிழ் எழுத்துக் கூட்டத்தான் தெரியும். எதில் தொடங்கலாம்?

புத்தகம் வேண்டாம். காளி கோயிலுக்குக் கூட்டிப் போய், உபயதாரர் பெயர்களைக் கல்லில் எழுத்துக் கூட்டி வாசிக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் உங்களுக்குத் தெரிந்ததைச் சொல்லுங்கள்.

பல பேர் கேட்டது: நீங்கள் ஏன் எழுதவில்லை?

மூன்று பக்கம் எழுதினேன். என் அப்பாவின் அக்கா 1964 கப்பலில் போனவர். அவர் பெயரை எழுத வேண்டிய இடத்தில், நாங்கள் கூப்பிட்ட 'ரங்கூன் அத்தை' என்பதுதான் வந்தது. ரங்கூனில் இருந்த நாங்கள் ஏன் அவரை ரங்கூன் அத்தை என்றோம்? அவரை அப்படி அழைத்தது சென்னைக்காரர்கள். கடிதத்தில் படித்து நாங்களும் பிடித்துக்கொண்டோம். சொந்தப் பெயரை இன்னும் விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.

அடுத்த கூட்டத்துக்கு ஹெப்சிபா ஜேசுதாசனின் 'மா-னீ'. சிறு வயதில் பர்மாவில் வளர்ந்தவர் எழுதியது. என்னிடம் ஒரு பிரதிதான் இருக்கிறது, அட்டை கிழிந்தது. பெகுக்காரர் முதலில் எடுத்துக்கொள்ளட்டும், பேத்தியிடமும் கொடுக்கட்டும்.