இரண்டாவது பில் ஊருக்கு

கேள்வி: மதுரைப் பக்கம் ஒரு சிறிய ஊரில் உணவகம் தொடங்கி எட்டு மாதம் ஆகிறது. லாபம் நிலைத்த பிறகு ஊருக்கு ஏதாவது செய்ய ஆசை. எப்படித் தொடங்கலாம்?

லாபம் நிலைக்கட்டும் என்று மட்டும் காத்திருக்காதீர்கள். திருமங்கலத்தில் அப்பா தொடங்கிய அசைவ உணவகத்தின் கல்லாவில் பதினோரு வருடமாக உட்கார்ந்திருக்கிறேன். கறி விலை ஏறும், கிரைண்டர் பழுதாகும், மாஸ்டர் தங்கை கல்யாணத்துக்கு முன்பணம் கேட்பார். மிஞ்சுவதில் கொடுக்கலாம் என்று நினைப்பவருக்கு எந்த மாதமும் மிஞ்சாது.

முதலிலேயே எடுத்து வைத்துவிட வேண்டும். அப்பா இதைக் கற்றது வடக்கம்பட்டிக்காரர்களிடம். கள்ளிக்குடிப் பக்கத்தில் இருக்கும் அந்தச் சிற்றூரைச் சேர்ந்த ஒருவர் 1930களில் காரைக்குடியில் திறந்த கடைதான் முனியாண்டி விலாஸ்களுக்கெல்லாம் மூத்தது. அப்பாவுக்கு அது சொந்த ஊர் அன்று. பன்னிரண்டு வயதில் அப்படிப்பட்ட கடை ஒன்றில் மேசை துடைக்கப் போனவர். அங்கே அன்றாடம் முதல் வியாபாரப் பணம் முனியாண்டி சாமிக்கென்று தனியே போய்விடும். தை மாதத் திருவிழாவுக்கு, எங்கெங்கோ கடை வைத்திருக்கும் முதலாளிகள் ஊர் திரும்புவார்கள். சேர்த்த பணத்தில் இரவெல்லாம் அண்டா அண்டாவாகப் பிரியாணி வேகும். விடிவதற்குள் வரிசை நிற்கும். வந்தவர் எல்லோருக்கும் அதுதான் பிரசாதம். ஒரு தடவையாவது போய்ப் பாருங்கள், உங்கள் கேள்விக்குப் பாதி பதில் அங்கேயே கிடைக்கும்.

சொந்தக் கடை போட்டபோது அப்பா அந்த வழக்கத்தோடு ஒன்றைச் சேர்த்துக்கொண்டார். முதல் பில் முனியாண்டிக்கு, இரண்டாவது பில் ஊருக்கு. கல்லாவுக்குக் கீழே மூடி நசுங்கிய ஒரு பிஸ்கட் டின் இருக்கிறது. இரண்டாவது ஆள் கொடுக்கும் பணம், தொகை என்னவானாலும், எண்ணாமல் அதற்குள் போகும். சில நாள் 70 ரூபாய்க் குஸ்கா பார்சல், சில நாள் குடும்பமாக வந்து சாப்பிட்டவர்களின் 1,200 ரூபாய்.

நான் கல்லாவுக்கு வந்த முதல் மாதம் ஒரு வேன் நிறையக் கல்யாணக் கூட்டம் வந்து இறங்கியது. கோலா, சுக்கா, ஈரல் என்று இலை நிறைய வாங்கிச் சாப்பிட்டார்கள். பில் 4,860 ரூபாய். அன்றைக்கு அதுதான் இரண்டாவது பில். நோட்டுகளைக் கையில் பிடித்தபடி யோசித்தேன். அடுத்து ஒருவர் ஆம்லெட்டும் சாப்பாடும் முடித்துக் கை கழுவிக்கொண்டிருந்தார். அவர் பணத்தை டின்னில் போட்டால் யாருக்குத் தெரியப்போகிறது? அப்பா இலைக்கட்டுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். தலையைத் தூக்காமலேயே, "தம்பி, நீ எண்ணிப் பார்த்துவிட்டாய். அதனால்தான் கனக்கிறது" என்றார். போட்டுவிட்டேன். அந்த மாதம் கறிக்கடைப் பாக்கியில் கொஞ்சம் நின்றுபோனது, அடுத்த மாதம் கட்டினோம்.

அந்தப் பணம் எங்கே போகிறது என்பதைத்தான் நீங்கள் அதிகம் யோசிக்க வேண்டும். தொடக்கத்தில் கோயில் திருவிழா, கபடிப் போட்டி என்று கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தோம். பெயர் போட்ட பேனர் மிஞ்சியது. பிறகு ஒருநாள் பக்கத்து அரசுப் பள்ளி ஆசிரியர் ஒருவர் சாப்பிட வந்தபோது சொன்னார்: பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் மாலைச் சிறப்பு வகுப்பில் பசியில் சுருண்டுவிடுகிறார்கள். மதியம் சத்துணவு இருக்கிறது. காலை உணவுத் திட்டம், 2022 செப்டம்பர் 15 அன்று நம் மதுரை சிம்மக்கல் பள்ளியில் முதலமைச்சர் தொடங்கி வைத்தது, ஐந்தாம் வகுப்பு வரைதான். பன்னிரண்டரைக்குச் சாப்பிட்ட பிள்ளை ஆறரை வரை உட்கார்ந்து கணக்குப் போட வேண்டும், அதன் பிறகு பஸ் பிடித்துக் கிராமத்துக்குப் போக வேண்டும். அந்த ஆறு மணி நேர இடைவெளியை அரசாங்கமும் பார்க்கவில்லை, நாங்களும் பார்க்கவில்லை.

இப்போது ஜனவரியிலிருந்து பொதுத்தேர்வு வரை, வகுப்பு நடக்கும் நாளெல்லாம் அறுபது பிள்ளைகளுக்குச் சுண்டலும் ஒரு வாழைப்பழமும் போகிறது. மூன்று கிலோ கொண்டைக்கடலையை முந்தின இரவே ஊறவைத்தால் காலையில் இரண்டு பங்காக உப்பியிருக்கும். தேங்காய் கடைசியில்தான் சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் நான்கு மணிக்குள் நொந்துவிடும். பரோட்டா சால்னா கொடுக்கலாமே என்று மாஸ்டர் கேட்டார். அசைவம் சாப்பிடாத பிள்ளைகள் இருக்கிறார்கள், வெள்ளிக்கிழமை தொடாதவர்கள் இருக்கிறார்கள். ஒரு பிள்ளைகூடக் கையை மடக்கிக்கொண்டு உட்காரக் கூடாது என்பதால் சுண்டல்தான். அதற்கென்றே தனிச் சட்டி, தனிக் கரண்டி. பரிமாறும் முன் ஆசிரியர் ஒருவர் ருசி பார்க்க வேண்டும் என்று தலைமையாசிரியர் நிபந்தனை வைத்தார். சரியான நிபந்தனை. நீங்களும் அனுமதி வாங்காமல் பள்ளிக்குள் சட்டியைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள்.

மதியம் மீந்ததை இரவில் ஏழைகளுக்குக் கொடுக்கலாமா என்று நினைத்திருந்தால், வேண்டாம். வாடிக்கையாளருக்கு வைக்கத் தயங்குவதை இன்னொருவர் தட்டில் வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. மீன் குழம்பும் கறியும் நம் வெயிலுக்குத் தாங்கவும் தாங்காது.

வேலை செய்பவர்களுக்குச் செய்வதையும் இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். 2020 ஊரடங்கில் கடை அடைத்திருந்தபோது டின்னில் பணம் இருந்தது. அதைச் சம்பளத்துக்கு எடுக்கலாம் என்றேன். "அவர்களுக்குக் கொடுப்பது கடன், தம்பி. கடனைத் தர்மக் காசில் அடைக்கக் கூடாது" என்று அப்பா மறுத்துவிட்டார். அம்மாவின் சங்கிலி அடகுக்குப் போனது, சம்பளம் பாதியாவது போய்ச் சேர்ந்தது. டின் பணம் பஸ் நிலையத்தில் சுமை தூக்கும் அண்ணன்களுக்கும், எங்களுக்கு இலை கொண்டுவரும் அக்காவின் தெருவுக்கும் அரிசியாகப் போனது. சங்கிலியை மீட்க இரண்டு வருடம் ஆயிற்று. அம்மா ஒரு நாளும் அதைச் சொல்லிக் காட்டவில்லை.

மதுரை அண்ணா பஸ் நிலையம் பக்கம் 10 ரூபாய்க்குச் சாப்பாடு போட்டு 2020இல் மறைந்த ராமு தாத்தாவைப் பற்றி யாராவது உங்களிடம் சொல்லியிருப்பார்கள். கையெடுத்துக் கும்பிட வேண்டிய மனிதர். ஆனால் அவரைப் போல விலையைக் குறைத்துக் கடையை ஓட்ட எட்டு மாதக் கடைக்காரரால் முடியாது. உங்களால் முடிந்தது நாளைக்கு இரண்டாவதாக வரும் ஒருவரின் பணத்தை எண்ணாமல் எடுத்து வைப்பது. ஒரு நோட்டில் தேதியும் வரவும் செலவும் எழுதி, கல்லாவுக்குப் பக்கத்தில் யாரும் புரட்டும்படி தொங்கவிடுங்கள். மூன்று மாதம் போனதும் பள்ளியிலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ போய், எந்த நேரத்தில் யார் பசியோடு இருக்கிறார்கள் என்று மட்டும் கேளுங்கள்.

இன்றைக்கு எங்கள் இரண்டாவது பில் 140 ரூபாய். நாளைக்குச் சிறப்பு வகுப்பு உண்டு. கடலையை ஊறவைத்துவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.