பதில்: 13 வயது மகளோடு பார்க்க கறுப்பின கவ்பாய் படம்

வணக்கம். ‘தி ஹார்டர் தே ஃபால்’ (2021) பார்த்த உங்கள் மகள், "இவங்கல்லாம் நிஜமா?" என்று கேட்டதாகவும், ரத்தம் குறைவான வேறு படம் வேண்டும் என்றும் எழுதியிருந்தீர்கள்.

பெயர்கள் நிஜம், கதை கற்பனை. நேட் லவ், பேஸ் ரீவ்ஸ் எல்லாம் வாழ்ந்த மனிதர்கள்தான். அடிமையாகப் பிறந்த ரீவ்ஸ், 1875 முதல் 30 ஆண்டுகளுக்கு மேல் அமெரிக்க மத்திய அரசின் துணை மார்ஷலாக (குற்றவாளிகளைத் தேடிப் பிடிக்கும் அதிகாரி) இருந்தவர். படத்தில் இளம்பெண்ணாக வரும் ஸ்டேஜ்கோச் மேரி, மொன்டானாவில் தபால் வண்டி ஓட்டத் தொடங்கியபோது அறுபதைத் தாண்டியிருந்தார்! மகளிடம் இதைக் கட்டாயம் சொல்லுங்கள்.

அடுத்து ‘பக் அண்ட் தி ப்ரீச்சர்’ (1972) போடுங்கள். சிட்னி பாய்ட்டியர் இயக்கிய முதல் படம், நாயகனும் அவரே. அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிந்து, அடிமைத்தனத்திலிருந்து விடுதலையான கறுப்பின மக்கள் வண்டி கட்டிக்கொண்டு மேற்கே போகிறார்கள். தோட்ட முதலாளிகளின் கூலியாட்கள் அவர்களைத் திரும்ப இழுத்துப்போகத் துரத்துகிறார்கள். வழிகாட்டியான பக், முன்னாள் படைவீரர். பைபிளுக்குள் துப்பாக்கியை ஒளித்து வைத்திருக்கும் போலிப் போதகராக ஹாரி பெலஃபான்டே வருகிறார். மனுஷன் பின்னியிருப்பார். சுடுதல் உண்டு, ஆனால் அந்த 2021 படம் அளவுக்கு இல்லை.

ஜான் ஃபோர்ட் இயக்கிய ‘சார்ஜென்ட் ரட்லெட்ஜ்’ (1960) நல்ல படம்தான். ஆனால் அது ஒரு நீதிமன்றக் கதை, வழக்கே பாலியல் வன்கொடுமை, கொலை பற்றியது. இப்போதைக்கு வேண்டாம், முதலில் நீங்கள் மட்டும் பாருங்கள். 1866இல் உருவான கறுப்பினக் குதிரைப்படைகளில் ஒன்றான 9ஆம் படைப்பிரிவின் சார்ஜென்டாக வூடி ஸ்ட்ரோட் நிற்கிற கம்பீரத்துக்காகவே பார்க்கலாம்.