கல் கடைக்கு ஒரு எலுமிச்சம்பழம்

வந்த கடிதங்களில் பாதி அடுப்படி மேடையைப் பற்றியவை. சுருக்கிப் போட்டிருக்கிறேன், கோபிக்க வேண்டாம்.

பழைய வீட்டின் பின்கட்டில் புது அடுப்படி கட்டுகிறோம். வளவில் போட்ட ஆத்தங்குடிக் கல் இன்னும் மங்கவில்லை. அதையே சமையல் மேடைக்கும் பதிக்கலாமா? (வாசகி, பள்ளத்தூர்)

வேண்டாம் ஆச்சி. ஆத்தங்குடிக் கல்லைச் சூளையில் சுடுவதில்லை. கண்ணாடி மேல் வண்ணக் கலவையை ஊற்றி, அதன்மேல் மணலும் சிமென்ட்டும் போட்டு, தண்ணீரில் ஊறவைத்து எடுப்பது. கால் படப் படப் பளபளக்கும், புளி படப் பட அரிக்கும். புளித்தண்ணீர் சிந்தாமல் நம் ஊரில் என்ன குழம்பு வைப்பது? அதைத் தரைக்குப் போடுங்கள், மேடைக்கு கிரானைட் போதும்.

மேடைக்கு வெள்ளைக் கல்லா, கறுப்புக் கல்லா? (கோட்டையூர்)

வீட்டில் மஞ்சள்தூள் உண்டா? அப்போ கறுப்பு.

கடப்பாக் கல் போட்டால் பாதிச் செலவுதான் என்கிறார் கொத்தனார். (புதுவயல்)

அலமாரித் தட்டுக்குப் போடச் சொல்லுங்கள். கடப்பா சுண்ணாம்புக் கல் வகை, எலுமிச்சை ஆகாது. ஓரத்தில் அடுக்கடுக்காகப் பெயரவும் செய்யும்.

‘ஒரிஜினல் ஜெட் பிளாக்’ கறுப்பு கிரானைட் என்று வாங்கினோம். மூன்றே மாதத்தில் அடுப்பைச் சுற்றிச் சாம்பல் நிறம் பூத்துவிட்டது. நாங்கள் சோப்பு போட்டுத் துடைத்ததுதான் தப்பு என்கிறார் கடைக்காரர். (வாசகி, தேவகோட்டை)

சோப்புக்கு வெளுத்தால் அது கல்லா, சாயத் துணியா? உங்கள் மேல் தப்பே இல்லை. சாம்பல் கல்லுக்குக் கறுப்புச் சாயம் ஏற்றி விற்பது பழைய வேலை. வெள்ளைத் துணியில் நகப்பூச்சு அழிக்கும் திரவத்தை நனைத்து, வெளுக்காத மூலையில் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். துணி கறுத்தால் சாயம் பூசிய கல். அதைப் படம் எடுத்து வைத்துக்கொண்டு, பில்லோடு கடைக்கு எழுத்தில் கேளுங்கள். மசியவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்து புகார் பதியுங்கள். அடுத்தது சிவகங்கை மாவட்ட நுகர்வோர் ஆணையம். கல்லை மதுரையில் வாங்கியிருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த பணம் 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. 2 வருடத்துக்குள் போட வேண்டும், அவ்வளவுதான்.

மேடை 20 சதுர அடிக்கு மேல் வராது என்று நினைத்தோம். பில்லில் 26 சதுர அடி. இது சரியா? (காரைக்குடி)

வாருங்கள், உங்களுக்காகத்தான் காத்திருந்தேன். இந்தச் சதுர அடிக் கணக்கில் நானே இரண்டு முறை ஏமாந்தவன். என் மேடை நீளம் 10 அடி 4 அங்குலம், அகலம் 26 அங்குலம். பெருக்கினால் 22.4 சதுர அடி. கடையில் 10 அடி 4 அங்குலம் பத்தரை ஆனது, 26 அங்குலம் இரண்டரை அடி ஆனது, பில் 26.25-க்கு வந்தது. அடி 200 ரூபாய் என்றால் 770 ரூபாய் காற்றுக்குப் போயிற்று. சிங்க்குக்கு வெட்டி எடுத்த துண்டுக்கும் காசு வாங்கினார்கள், துண்டைக் கேட்டால் ‘உடைஞ்சிருச்சு சார்’. அப்புறம் விளிம்பு உருட்ட ரன்னிங் அடிக்கு, அதாவது நீள அடிக்கு, ஒரு கூலி, சிங்க் வெட்ட ஒரு கூலி, ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி! கனம் 18 மில்லிமீட்டர் என்றார்கள், வீட்டில் ஸ்கேல் வைத்தால் 15. ஆகவே முன்பணம் கொடுக்கும் முன்பே கேளுங்கள்: பலகை அளவுக்கா விலை, பதித்த அளவுக்கா? மிச்சத் துண்டு யாருக்கு? கனம் எவ்வளவு? மூன்றுக்கும் பதிலை எஸ்டிமேட் தாளிலேயே எழுதி வாங்குங்கள். எழுதித் தர யோசிக்கும் கடையில் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடலாம்.

சிங்கப்பூரில் இருக்கிறேன். ஊர் வீட்டுக்கு வாட்ஸ்அப் படம் பார்த்துக் குவார்ட்ஸ் மேடைக்கு முழுப் பணமும் அனுப்பினேன். பில் வாங்கவில்லை. இப்போது குக்கர் வைத்த இடத்தில் மஞ்சள் வட்டம். பணத்தைத் திரும்ப வாங்க முடியுமா?

படத்தைப் பார்த்து, பில்லும் இல்லாமல், முழுப் பணமா? தம்பி, மாம்பழம் வாங்கினாலும் முகர்ந்து பார்ப்போமே! குவார்ட்ஸ் முழுக் கல் இல்லை. கல் தூளைப் பிசின் கலந்து அழுத்திச் செய்வது. சூடு பட்டால் பிசின் நிறம் மாறும், இது கடைக்காரர் குற்றமில்லை. இனிமேல் குக்கருக்கு அடியில் ஒரு மணைப்பலகை வையுங்கள். அந்தக் கல்லை அறுக்கும் தொழிலாளிகளுக்குத் தூசியால் நுரையீரல் போகிறது என்று ஆஸ்திரேலியா 2024 ஜூலையிலேயே அதைத் தடை செய்துவிட்டது. நீங்கள் வட்டத்துக்கு அழுகிறீர்கள்.

அப்பச்சி வீட்டில் பழைய இத்தாலி மார்பிள் பலகை ஒன்று சும்மா கிடக்கிறது. மேடையாக்கலாமா? (கானாடுகாத்தான்)

எலுமிச்சம்பழத்தை வெட்டி ஓரத்தில் ஒரு சொட்டு விட்டு, பத்து நிமிஷம் கழித்துத் துடைத்துப் பாருங்கள். தடம் விழுந்தால் மேடைக்கு ஆகாது. நான் அதைச் செய்யாமல் வெள்ளை மார்பிள் வாங்கிப் போட்டேன். முதல் வாரமே எலுமிச்சை ஊறுகாய் ஜாடி ஒன்று அடிவட்டத்தை அச்சடித்தது. பாலிஷ் போட்டும் போகவில்லை. கல்லைப் பெயர்த்து இப்போது திண்ணையோரம் கிடத்தியிருக்கிறோம். சாயங்காலம் அதன்மேல் உட்கார்ந்துதான் உங்கள் கடிதங்களைப் படிக்கிறேன்.