முகாமுக்கு வராத நட்சத்திரம்

கேள்வி: எங்கள் பக்கம் கால்பந்து என்றால் அணிக்கு ஏழு பேர் ஆடும் செவன்ஸ்தான். அமெரிக்கக் கால்பந்தில் பெரிய ஆட்டக்காரர் ஒருவர் புதிய ஒப்பந்தம் கேட்டுப் பயிற்சிக்கே வராமல் அடம்பிடித்தால் அணி என்ன செய்யும்?
– வாசகர், கொழிஞ்சாம்பாறை

பதில்: அறுவடை முடிந்த வயலில் கேலரி கட்டி நடத்தும் உங்கள் செவன்ஸில் பெரும்பாலும் ஆட்டத்துக்கு ஆட்டம் காசு கைக்கு வந்துவிடும் என்பதால் இந்தச் சிக்கலுக்கே இடமில்லை. அமெரிக்கத் தேசியக் கால்பந்து லீகிலோ, ஒப்பந்தம் நடப்பில் இருக்கும்போது முகாமுக்கு வராதவருக்கு நாளொன்றுக்கு 50,000 டாலர் வரை அபராதம் உண்டு. ஆட்டத்தைத் தவறவிட்டால் அந்த வாரச் சம்பளமும் போய்விடும்.

அணிக்கு இருக்கும் வலுவான ஆயுதம் காத்திருப்பதுதான் என்பது என் கணிப்பு. 2018இல் பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் அணியின் லெவியான் பெல், ஓராண்டுக்கு ஏறத்தாழ 1.45 கோடி டாலர் தருவதாகச் சொன்ன ஏற்பாட்டில் கையெழுத்திடாமல் அந்தப் பருவம் முழுவதும் ஒதுங்கியிருந்தார். கையெழுத்தே இல்லாததால் அணி அவருக்கு அபராதம் போட முடியவில்லை. ஆனால் அவர் இடத்தில் ஜேம்ஸ் கானர் இறங்கி நன்றாகவே ஆடினார். அடுத்த ஆண்டு பெல் நியூயார்க் ஜெட்ஸுக்குப் போனபோது, விட்ட அந்தத் தொகை விட்டதாகவே இருந்தது.

பொறுமை இல்லாத அணி கேட்டதைக் கொடுத்துவிடும், அல்லது ஆளையே கைமாற்றிவிடும். 2025 ஆகஸ்டில் டல்லாஸ் கவ்பாய்ஸ், மைக்கா பார்சன்ஸை கிரீன் பே பேக்கர்ஸுக்குக் கொடுத்து, புதிய ஆட்டக்காரர்களை முதல் சுற்றிலேயே தேர்ந்தெடுக்கும் உரிமைகள் இரண்டையும் கென்னி கிளார்க் என்ற ஆட்டக்காரரையும் வாங்கிக்கொண்டது.